கேசமும் ஈரமும்

ஜெனீவா நகரத்துக்கு அருகே பிறந்து, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பாறைகளையும் பனியாறுகளையும் ஆராய்வதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஹொராஸ் பெனெடிக்ட் தெ சோஸ்யூர் என்ற விஞ்ஞானி, மலையுச்சிக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளப்பதற்கு நம்பகமான ஒரு கருவியைத் தேடியபோது, கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது மனிதத் தலையிலிருந்து எடுத்த ஒற்றை ரோமம்தான். ஈரக் காற்றில் ரோமம் நீள்கிறது, உலர்ந்த காற்றில் குறுகுகிறது என்பதைக் கண்ட அவர், அதன் ஒரு முனையைப் பிணைத்து, மறுமுனையை ஒரு சிறு உருளையில் சுற்றி, உருளையோடு ஒரு முள்ளையும் இணைத்து, நன்றாக உலர்த்திய காற்றில் முள் நிற்கும் இடத்தைப் பூஜ்யம் என்றும், நீராவி நிறைந்த காற்றில் நிற்கும் இடத்தை நூறு என்றும் குறித்துக்கொண்டார். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே ரோமம் தன் நீளத்தில் நாற்பதில் ஒரு பங்கு அளவே வேறுபடுகிறது. அந்தச் சிறு வேறுபாட்டையே ஆதாரமாகக் கொண்டு 1783-இல் அவர் வெளியிட்ட ஈரமானி பற்றிய நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. வானிலை நிலையங்களில் ரோம ஈரமானிகள் இருபதாம் நூற்றாண்டிலும் வேலை செய்துகொண்டிருந்தன.

அவருடைய செய்முறையில் நமக்கு இங்கே முக்கியமானது வேறொரு விஷயம். தலையிலிருந்து எடுத்த ரோமத்தை அவர் அப்படியே கருவியில் மாட்டிவிடவில்லை. சோடா உப்புக் கரைத்த நீரில் அதைக் காய்ச்சி, அதன் மேலிருந்த எண்ணெய்ப் பசையை நீக்கிவிட்டு, அதன் பிறகே பயன்படுத்தினார். பசை நீங்காத ரோமம் காற்றின் ஈரத்தை உடனுக்குடன் உணர்ந்து காட்டுவதில்லை. அதாவது, ரோமத்தின் உட்புறம் நீரை நாடும் சுபாவம் உடையது. அதன் வெளிப்புறமோ நீரைத் தடுத்து நிறுத்தும் சுபாவம் உடையது. காரத்தன்மையுள்ள பொருள் ஒன்று சூட்டோடு சேரும்போது அந்தத் தடை விலகுகிறது. கேசத்தின் நுண்துளைத் தன்மை என்று ரசாயன நூல்களும், போரோசிட்டி என்று அழகு நிலையங்களும் சொல்லும் குணத்தின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு செய்முறையில் அடங்கியிருக்கிறது. சோஸ்யூர் தம் கருவியின் பொருட்டு எந்த மாறுதலை வேண்டுமென்றே உண்டாக்கினாரோ, அதே மாறுதலைத்தான் நாம் அறியாமலே நம் தலையில் ஆண்டுக்கணக்கில் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

ரோமத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை கனமுள்ள இந்த இழையின் நடுப்பகுதியைப் புறணி என்பார்கள். கெரட்டின் என்ற புரதத்தின் நீண்ட சங்கிலிகள் புரிபுரியாக முறுக்கிக்கொண்டு, இழையின் நீளப் போக்கிலேயே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ரோமத்தின் வலிமையும் நெகிழ்ச்சியும் நிறமும் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. அதைச் சுற்றிலும் செதிலுறை. பனையோலை வேய்ந்த கூரையில் மேல் வரிசை கீழ் வரிசையின் மீது படிந்து மழைநீரை வழித்துவிடுவதுபோல, தட்டையான செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்து, இழையை மூடியிருக்கின்றன. ஒவ்வொரு செதிலின் கனமும் அரை மைக்ரோமீட்டர்தான். ஆனால் மனித ரோமத்தில் அவை ஐந்து முதல் பத்து அடுக்குகள் வரை படிந்திருப்பதால், வெளியே தெரிவது ஒவ்வொரு செதிலின் விளிம்பு மட்டுமே. ஒரு ரோமத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே வைத்து நீளவாட்டில் தேய்த்தால், எப்போதும் அது வேர்ப்புறம் முன்செல்லும்படியே நகர்வதைக் காணலாம். செதில்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட எளிய பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை.

செதில்களின் மேற்பரப்பில், கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத இன்னொரு காவல் இருக்கிறது. பதினெட்டு-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தின் மூலக்கூறுகள், ஒற்றை மூலக்கூறு கனத்தில், செதிலின் புரதத்தோடு கந்தக அணுக்களின் வழியாகப் பிணைந்து, தம் நீண்ட வால்களை வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை வேறு, இது வேறு. பசையைச் சாதாரணமாகத் தலைகுளிக்கும்போதே கழுவிவிடலாம். மறுநாளே அது மீண்டும் ஊறும். இந்தக் கொழுப்புப் படலமோ ரோமத்தின் அங்கமாகவே வளர்ந்து வருவது. ஒருமுறை அறுபட்டால், அந்த இழையில் அது மறுபடி தோன்றுவதில்லை. அது உள்ளவரை, ரோமத்தின்மீது விழுந்த நீர் துளியாகத் திரண்டு நிற்கும்; அது போனபின் நீர் பரவிப் படர்ந்து செதில் இடுக்குகளில் புகும். இழைகள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்குவதற்கும், சீப்பு தடையின்றி ஓடுவதற்கும், கேசத்துக்கு மினுமினுப்பு உண்டாவதற்கும்கூடப் பெரும்பாலும் இந்தப் படலமே காரணம். மூலக்கூறு ஒன்றின் கனமே உள்ள ஒரு பொருளை நம்பி இவ்வளவும் நிற்கிறது என்பது, இயற்கையின் ஏற்பாடுகளில் என்னை என்றும் வியப்பில் ஆழ்த்தும் விஷயங்களுள் ஒன்று.

இனி, நீர் உள்ளே புகுந்தபின் நடப்பது என்ன? கெரட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பந்தங்கள் பலவகை. கந்தக அணுக்கள் இரண்டு கைகோத்து உண்டாகும் பந்தம் வலுவானது. நீரால் அதை அசைக்க முடியாது. ஹைட்ரஜன் அணுக்களால் உண்டாகும் பந்தமோ மெல்லியது. நீரின் மூலக்கூறு இடையில் நுழைந்தவுடன் அவிழ்ந்து, நீர் ஆவியாகிப் போனவுடன் புதிய நிலையில் மறுபடி பிணைந்துகொள்ளும். ஈரத்தோடு வாரிய முடி காய்ந்தபின் அப்படியே நிற்பதும், மழை நாளில் அது தன் கட்டுக்கு அடங்காமல் சுருண்டு எழுவதும் இதனால்தான். நீராவி நிறைந்த காற்றில் ரோமம் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவிகிதம் வரை நீரை ஏற்கிறது. அப்போது அதன் குறுக்களவு சுமார் 15 சதவிகிதம் பெருக்க, நீளமோ 2 சதவிகிதத்தை ஒட்டியே கூடுகிறது. புரதச் சங்கிலிகள் நீளவாட்டில் கிடப்பதால், இடையில் நுழைந்த நீர் அவற்றைப் பக்கவாட்டில்தான் விலக்க முடியும். சோஸ்யூரின் கருவி அளந்தது இந்த மாறுதலின் மிகச் சிறிய கூற்றையே.

நுண்துளைத் தன்மையைப் பற்றி மக்களிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே விலக்கிவிட வேண்டும். துளைமை மிகுந்த முடி என்றால் காற்றிலிருந்து மிக அதிகமான ஈரத்தை இழுத்துக்கொள்ளும் முடி என்று பலர் கருதுகிறார்கள். பழுதுபடாத முடியும் ப்ளீச் செய்த முடியும் சாதாரண ஈரக் காற்றிலிருந்து ஏற்கும் நீரின் அளவில் பெரிய வேற்றுமை இருப்பதில்லை. அவற்றை நீரில் முக்கி எடுக்கும்போதுதான் வேற்றுமை வெளிப்படுகிறது: பழுதுபட்ட இழை விரைவாக நனைகிறது, அதிகமாக உப்புகிறது, மிகுந்த நீரைத் தன்னகத்தே தேக்கிக்கொள்கிறது, நீரோடு வரும் பொருள்களையும், அவை நல்லவையாயினும் தீயவையாயினும், அதே வேகத்தில் உள்ளே விடுகிறது. சாயத்தை விரைவாகப் பிடித்துக்கொண்ட கேசமே அதை விரைவாக வெளியே விட்டுவிடுவதையும், ஒரே நாளில் சாயமிட்ட இருவரில் ஒருவருடைய முடி ஒரு மாதத்துக்குள் வெளிறிப்போவதையும் சிகையலங்காரம் செய்வோர் நன்கு அறிவார்கள்.

இந்தக் குணம் பிறவியில் அமைந்ததா, அல்லது பின்னால் வந்து சேர்ந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில்தான், இன்றைய விளம்பரங்களோடு நான் முரண்பட வேண்டியிருக்கிறது. ஒருவருடைய கேசம் இன்ன வகை என்று ஒருமுறை நிர்ணயித்துவிட்டு, ரத்தப் பிரிவைப்போல் அதை ஆயுள் முழுவதும் மாறாத லட்சணமாகக் கொண்டு, அதற்கென்று விற்கும் புட்டிகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவை போதிக்கின்றன. சுருள்முடியின் ஒவ்வொரு வளைவிலும் செதில்கள் சற்றுத் தூக்கி நிற்பதும், தலையில் ஊறும் பசை அந்த வளைவுகளைக் கடந்து நுனிவரை செல்லாததும் உண்மையே. அந்த அளவுக்குப் பிறவியின் பங்கு உண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தங்கள் சுருள்முடியை நீட்டாமல் இயற்கையாகவே பேண முற்பட்டபோது, நுண்துளைத் தன்மையைப் பற்றிய பேச்சு சாதாரண மக்களிடையே பரவியதற்கு இது ஒரு நியாயமான காரணம். ஆயினும், துளைமையின் பெரும்பகுதி ஒவ்வோர் இழையின் சரித்திரத்தையே சார்ந்தது. முடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பளவு தொங்கும் 60 சென்டிமீட்டர் கூந்தலின் வேர் நேற்றுப் பிறந்தது; நுனியோ ஐந்து ஆண்டுகளின் வெயிலையும், நூற்றுக்கணக்கான தலைக்குளியல்களையும், ஆயிரக்கணக்கான சீப்புத் தேய்ப்புகளையும் தாங்கியது. ஒரே இழையில் வேர்ப்பகுதி நீரை உருட்டிவிடுவதும், நுனிப்பகுதி அதைக் குடித்துவிடுவதும் ஆச்சரியமன்று. தலையோட்டின் தோலுக்கு வெளியே வந்த ரோமத்தில் உயிருள்ள செல் ஒன்றும் இல்லை. ஆகவே தோலின் காயம் ஆறுவதுபோல அதன் காயம் ஆறுவதற்கு வழியில்லை.

அந்தக் காயங்களை உண்டாக்குவன எவை? வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பின் கொழுப்புப் படலத்தையும் புரதத்தையும் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. ஈரமாய் உப்பியிருக்கும் நிலையில் சீப்பை அழுத்தி இழுத்தால் செதில் விளிம்புகள் உடைந்து உதிர்கின்றன. இவை மெதுவான காரணங்கள். ரசாயனச் செயல்களோ ஒரே பொழுதில் பல ஆண்டுகளின் வேலையை முடித்துவிடுகின்றன. 1818-இல் தெனார் என்ற பிரெஞ்சு ரசாயனி கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு, 1867-இல் பாரிஸ் கண்காட்சியில் முடியை வெளுக்கும் பொருளாகக் காட்டப்பட்டது. அன்று முதல் இன்று வரை அதன் இடத்தை வேறெதுவும் முழுவதும் பிடிக்கவில்லை. அம்மோனியா போன்ற காரம் முதலில் செதில்களை உப்பித் தூக்கிவிட, பெராக்ஸைடு உள்ளே சென்று கருமைநிறப் பொருளான மெலனினை அழிக்கிறது. போகும் வழியில் மேற்பரப்புக் கொழுப்பையும் அறுத்துவிட்டு, கந்தகப் பந்தங்களையும் பிளந்து, அவ்விடத்தில் எதிர்மின்னேற்றமுள்ள ஓர் அமிலத்தை விட்டுச்செல்கிறது. நீரை வெறுத்த பரப்பு நீரை விரும்பும் பரப்பாகிவிடுகிறது. நரையை மறைக்கப் பெட்டியில் விற்கும் நிரந்தரச் சாயங்களும் பெரும்பாலும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன: சிறிய மூலக்கூறுகள் காரத்தின் துணையால் உள்ளே சென்று, அங்கே ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி, திரும்பி வெளியேற முடியாமல் தங்கிவிடுகின்றன. நரை மறைய வேண்டும் என்று ஒருவர் விரும்புவதை நான் குறை கூறவில்லை. வேர்ப்பகுதியில் புதிதாக முளைத்த நரைக்கு மட்டும் சாயமிடாமல், ஒவ்வொரு முறையும் நுனிவரை முழுவதையும் பூசிப் பழைய புண்ணையே மீண்டும் மீண்டும் புண்ணாக்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈர முடியில் 175 டிகிரி அளவு சூடுபட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொங்கி, இழைக்குள் குமிழிகளை உண்டாக்கிவிடும். அவ்விடத்தில் முடி ஒடியும். ஆனால் சூடு என்றாலே பகை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2011-இல் கொரிய ஆராய்ச்சியாளர் நடத்திய ஒரு பரிசோதனையில், உலர்த்தும் கருவியைப் பதினைந்து சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காயவைத்த முடியில், செல்களை ஒட்டவைக்கும் உட்படலத்துக்குச் சேதம் நேரவில்லை. தானாகவே நெடுநேரம் ஈரத்தோடு கிடந்து காய்ந்த முடியிலோ அந்தச் சேதம் காணப்பட்டது. நெடுநேரம் நீரில் உப்பிக் கிடப்பதும் ஒரு தேய்மானமே. ஈரக் கூந்தலை முடிச்சிட்டுக்கொண்டு நாள் முழுவதும் இருப்பதைப் பெரியவர்கள் கண்டித்து வந்ததற்கு ஆதாரம் தேடுவோர் இதைக் கவனிக்கலாம்.

முடியின் துளைமையை வீட்டிலேயே அறிய, ஒரு குவளை நீரில் ரோமத்தைப் போட்டு, மிதந்தால் குறைந்த துளைமை, மூழ்கினால் மிகுந்த துளைமை என்று தீர்ப்புச் சொல்லும் ஒரு பரீட்சை வெகுவாகப் பரவியிருக்கிறது. இதை நம்புவதற்கில்லை. ரோமத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு, ஆகையால் நன்றாக நனைந்த எந்த ரோமமும் மூழ்கியே தீரும். அதை மிதக்கச் செய்வது நீரின் பரப்பு இழுவிசையும், அதில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் காற்றுக் குமிழிகளும்தாம். நேற்று எண்ணெய் தேய்த்தவருக்கும் இன்று தலைகுளித்தவருக்கும் விடை மாறிவிடும் பரீட்சையைக் கொண்டு என்ன நிர்ணயிக்க முடியும்? அதைவிட, சுத்தமாகக் கழுவிக் காய்ந்த கூந்தலின் வேர்ப்பகுதியிலும் நுனிப்பகுதியிலும் தனித்தனியே சிறிது நீரைத் தெளித்து, எங்கே துளிகள் நிற்கின்றன, எங்கே உடனே நனைகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். நுனியிலிருந்து வேரை நோக்கி விரலை ஓட்டி, எங்கிருந்து எங்குவரை சொரசொரக்கிறது என்று தடவிப் பார்ப்பதும், குளித்தபின் எந்தப் பகுதி கடைசியில் காய்கிறது என்று கவனிப்பதும் பொறுமை ஒன்றைத் தவிர வேறு செலவில்லாத வழிகள். எல்லாவற்றிலும் சிறந்த சாட்சியம் உங்கள் ஞாபகமே: எப்போது சாயமிட்டீர்கள், எப்போது நேராக்கினீர்கள், அந்தப் பகுதி இப்போது எவ்வளவு கீழே வந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

சரித்திரமற்ற முடிக்கு, அதாவது சாயமோ ப்ளீச்சோ தொடாத முடிக்கு, உலகச் சந்தையில் கிடைக்கும் மதிப்பே இதற்குத் தக்க சான்று. திருமலையில் கல்யாணகட்டாவில் நாள்தோறும் பக்தர்கள் காணிக்கையாக அளிக்கும் கேசம், நீளத்தின்படி தரம் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படுகிறது. கிராமத்துப் பெண்மணி ஒருத்தி வாழ்நாளெல்லாம் எண்ணெய் தடவிப் பின்னி வளர்த்த கூந்தல் ஒரே கொத்தாக மழிக்கப்படுவதால், அதில் எல்லா இழைகளின் வேர்களும் ஒரு பக்கமும் நுனிகள் மறுபக்கமும் அமைந்து, செதில்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். ரெமி என்று வணிகர்கள் போற்றுவது இத்தகைய முடியைத்தான். வீடுகளில் சீப்பிலிருந்து சேர்த்து விற்கும் சிக்குமுடியிலோ வேரும் நுனியும் கலந்துகிடக்கும்; எதிரெதிர்த் திசைச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விச் சிடுக்காகிவிடும். ஆகவே அதைச் சவுரியாக்கும் முன் அமிலத்தில் நனைத்துச் செதில்களையே கரைத்து நீக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகச் சிலிக்கோன் பூச்சைப் பூசுகிறார்கள். முதல் சில வாரங்கள் அது பட்டுப்போல் ஒளிவிடும். பூச்சு கழுவிப் போனபின், மூடியில்லாத புறணி நீரைக் குடித்து, உப்பி, சிக்கலாகிப் பயனற்றதாகிவிடும். செதிலுறை இல்லாத கேசத்தின் கதி என்ன என்பதை இந்த வியாபாரமே நமக்குக் கண்கூடாகக் காட்டிவிடுகிறது.

பராமரிப்பைத் தேர்ந்துகொள்ளும் முறைக்கு வருவோம். முதலில் எண்ணெய். தலைகுளிக்கும் முன் எண்ணெய் தேய்த்து ஊறவிடும் நம் நாட்டு வழக்கத்தின் தாத்பரியம் 2001-இலும் 2003-இலும் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகளால் விளங்கியது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தாரும் மும்பை விஞ்ஞானிகளும் கூடிச் செய்த முதல் ஆராய்ச்சி, தேங்காயெண்ணெய் ரோமத்தின் புறணிவரை ஊடுருவிச் செல்வதையும், கனிம எண்ணெய் அவ்வாறு செல்லாமல் வெளியிலேயே நின்றுவிடுவதையும் காட்டிற்று. ரேலே, மோகிலே என்ற இருவர் செய்த இரண்டாம் ஆராய்ச்சி, தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, கழுவும்போது ரோமத்திலிருந்து கரைந்துபோகும் புரதத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டது. இவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர்கள் என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் அவர்கள் கூறும் காரணம் ரசாயன ரீதியாகப் பொருத்தமானதே. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அது குட்டையான, கிளையற்ற, நேரான மூலக்கூறு. புரதத்தோடு ஒட்டும் நாட்டமும் உடையது. சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறுகள் வளைந்து பருத்தவை. கனிம எண்ணெய்க்குப் புரதத்தின்மேல் நாட்டமே இல்லை. குளிக்கும் முன்பே உள்ளே சென்று இடம் பிடித்துக்கொண்ட எண்ணெய், நீர் புகும் இடத்தைக் குறைக்கிறது, உப்பல் குறைகிறது, உப்பிச் சுருங்குவதால் வரும் தேய்மானமும் குறைகிறது. ஆகவே துளைமை மிகுந்த நுனிகளுக்குக் குளிப்பதற்கு முன் இடும் எண்ணெயே சிறந்த உபகாரம். குளித்தபின் இடுவதானால் சில துளிகள் போதும். இன்னும் பழுதுபடாத முடிக்கோ அதே எண்ணெயை ஏராளமாகப் பூசினால், செதில்கள் இறுக மூடியிருப்பதால் பெரும்பகுதி மேலேயே தங்கி, பிசுக்கும் பாரமுமே மிஞ்சும். அங்கே குறைந்த எண்ணெயும் வெதுவெதுப்பான நீருமே போதுமானவை.

அடுத்து, கழுவும் பொருள். சோஸ்யூரின் சோடா உப்பை இங்கே நினைவுகூர வேண்டும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. செதில்களை உப்பித் தூக்குவது. கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரையாத கசடாகத் திரண்டு இழைகளில் படிவது. பழுதுபட்ட முடியின் எதிர்மின்னேற்றம் அந்த உலோக அயனிகளை மேலும் ஆகர்ஷிக்கிறது. புதிய வீட்டுக்குக் குடிபோனபின் உப்புத் தண்ணீரால் தலைமுடி கெட்டுவிட்டது என்று நகரத்துப் பெண்கள் முறையிடும்போது, கரடுமுரடும் உலர்வும் நீரின் விளைவாக இருக்கக்கூடும் என்றே கொள்ளலாம். சீயக்காயும் அரப்பும் சவர்க்காரத்தைப்போல் காரத்தன்மையுள்ளவை அல்ல. அவற்றிலுள்ள சப்போனின் என்ற பொருளே நுரைத்து அழுக்கை நீக்குகிறது. அரைத்த தூளின் சொரசொரப்பை நுனியில் தேய்க்காமல், ஊறவைத்து வடிகட்டிய சாற்றை மட்டும் பயன்படுத்துவது துளைமை மிகுந்த முடிக்கு நல்லது. ஷாம்பு வாங்குவோர், பி.எச். எண் 5.5-ஐ ஒட்டியதைத் தேடிக்கொள்வது விவேகம். 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 123 ஷாம்புகளைப் பரிசோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவையே அந்த எல்லைக்குள் இருந்தன. குழந்தையின் கண்ணைக் கரிக்காத ஷாம்பு கேசத்துக்கும் இதமானது என்று கருதிவிடக் கூடாது. கண்ணீரின் தன்மையை ஒட்டி அமைத்த அதன் பி.எச். எண் ரோமத்துக்கு ஏற்றதைவிட உயர்ந்தே இருப்பதுண்டு.

கண்டிஷனர் என்ற பொருளின் வேலை எளிதாக விளங்கக்கூடியது. அதில் நேர்மின்னேற்றமுள்ள மூலக்கூறுகள் இருக்கின்றன. எதிர்மின்னேற்றம் எங்கே அதிகமோ, அதாவது எங்கே இழை மிகுதியாகப் பழுதுபட்டிருக்கிறதோ, அங்கே அவை தாமே சென்று ஒட்டிக்கொள்கின்றன. இதைவிடப் பொருத்தமான உதவியை நினைத்துப் பார்க்க இயலாது. ஆனால் அது அடுத்த முறை கழுவும்வரை நிற்கும் உதவியே. ஆகையால் துளைமை மிகுந்தவர்கள் ஒவ்வொரு குளியலின் முடிவிலும் அதை நுனியிலிருந்து பாதி நீளம்வரை தடவிக்கொள்ள வேண்டும். வேர்ப்பகுதிக்கு அது தேவைப்படுவதில்லை. புரதம் சேர்த்தவை என்று விற்கப்படும் பொருள்களில், சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம் பழுதுபட்ட இழைக்குள் ஓரளவு நுழைந்து தாங்கல் கொடுக்கும். உடைக்கப்படாத புரதத்தின் மூலக்கூறுகள் மிகப் பெரியவை. ஆகவே முட்டையைத் தலையில் பூசுவதால் புரதம் ரோமத்துக்குள் செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் முடியை நேராக்கும் மருந்துகள் பலவற்றில், சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிப்படுகிறது; செய்துகொள்பவரைவிட, நாள்தோறும் மூடிய அறையில் நின்று அதைச் செய்துவிடும் தொழிலாளப் பெண்களுக்கே அதன் தீங்கு அதிகம் என்பதால், அதை விட்டுவிடுவதே உத்தமம் என்று நான் திடமாகக் கருதுகிறேன்.

துளைமையும் முடி உதிர்தலும் வெவ்வேறு. உதிர்ந்த முடியின் முனையில் சிறு வெண்ணிறக் குமிழ் தென்பட்டால், அது வேரோடு வந்தது. அதன் காரணத்தைக் காய்ச்சலிலோ, இரும்புச்சத்துக் குறைவிலோ, தைராய்டுக் கோளாற்றிலோ, பரம்பரையிலோ மருத்துவர் தேட வேண்டும். எண்ணெயும் கண்டிஷனரும் அங்கே பயன்படா. குமிழில்லாமல் பல நீளங்களில் விழுவன இடையில் ஒடிந்தவை. இந்த அத்தியாயத்தில் சொன்னவை அவற்றுக்கே உரியன.

ஒடியும் இடமும் பெரும்பாலும் முன்கூட்டியே அறியக்கூடியது. நேராக்கிய அல்லது ப்ளீச் செய்த கூந்தலை இனி இயற்கையாகவே வளர விடுவது என்று ஒருவர் தீர்மானித்துவிட்டால், ஓராண்டில் வேரிலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் பழுதற்ற முடி வளர்ந்திருக்க, அதன் கீழே பழைய பகுதி தொங்கும். குறைவாக உப்பும் பகுதியும் அதிகமாக உப்பும் பகுதியும் சந்திக்கும் அந்த எல்லைக் கோட்டில்தான் ஈரத்தோடு சீவும்போது முடி அறுபடும். அகன்ற பற்களுள்ள சீப்பைக் கொண்டு, கண்டிஷனர் தடவிய வழுவழுப்பு இருக்கும்போதே, நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும். எல்லைக் கோட்டுக்கு மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேரைச் சென்று தாக்காது. பழைய பகுதியை ஒரேயடியாக வெட்டிவிட மனம் வராதவர்கள், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மூன்று நான்கு சென்டிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வரலாம். வளர்ச்சி அதே இரண்டு மாதங்களில் இரண்டு சென்டிமீட்டரே என்பதால் கூந்தல் சில காலம் குட்டையாகிக்கொண்டுதான் போகும். வேர் முதல் நுனிவரை ஒரே விதமாக நனையும் கூந்தல் அதன் பிறகே கைக்கு வரும்.